நாலாவது பின்

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த வேலை, ஒரு புதுப் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தை ஸ்டேப்ளரால் மூடியது. மகள் தாள்களை விளிம்பு பிசகாமல் அழுத்திப் பிடித்தாள். அப்பா மேலே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, கீழே ஒன்று அடித்தார். அதோடு பின் தீர்ந்து, ஸ்டேப்ளர் வெறும் வாயை மென்றது. நாலாவதுக்குள் ஒரு பெட்டி வாங்கிவிடுவதாகச் சொன்னார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். கூட வேலை செய்தவர்கள் வைத்த பெயர் 'படிக்கட்டு'. எத்தனை மாடியானாலும் லிஃப்டைச் சரிசெய்துவிட்டு நடந்துதான் இறங்குவார். கேட்டால், "உள்ள என்ன இருக்குன்னு எனக்குத்தானே தெரியும்" என்பார்.

மகளுக்குப் பதினொரு வயதில் அம்மா ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். அந்த வருடம்தான் அவர் ஒரு துப்பறியும் தொடரின் முதல் பாகத்தை வாங்கி வந்தார். பூட்டிக்கிடக்கும் பள்ளிக்கூடம், இரட்டைச் சகோதரிகள், பாகத்துக்கு ஒருவர் காணாமல் போவார். புத்தகம் வந்ததும் கடைசி அத்தியாயத்துக்கு மூன்று பின். படித்து முடித்தவர், குற்றவாளி யாரென்று எழுதி, திறந்திருக்கும் மூலை வழியாகச் சீட்டை உள்ளே தள்ள வேண்டும். இரண்டு சீட்டும் விழுந்த பிறகு அந்த மூலைக்கு நாலாவது பின். மறுநாள் காலை இருவரும் சேர்ந்து பிரிப்பார்கள். ஒன்பது பாகத்திலும் அப்பாவின் சீட்டில் ஒரே பெயர்: வாட்ச்மேன். ஒன்பதிலும் தோற்றார்.

ஒன்பதோடு எழுதியவர் நிறுத்திக்கொண்டார். பதினெட்டு வருடம் கழித்து, பத்தாவதும் கடைசியுமான பாகம் வரப்போவதாகச் செய்தி வந்தது. அதனால் பழைய பாகங்களை முதலிலிருந்து மறுபடி படிக்கத் தொடங்கினார்கள். மகள் இப்போது அளவுக் கருவிகளைச் சோதிக்கும் ஆய்வகத்தில் இருந்தாள். ஞாயிறுதோறும் வருவாள். அவர் சத்தமாக வாசிக்க, அவள் கண்ணை மூடிக் கேட்பாள்.

பத்தாவது வந்து, மூன்று பின் அடித்த ஞாயிறுக்கு அடுத்த புதன்கிழமை அப்பா போன் செய்தார்.

"சீட்டைப் போட்டுட்டேன்மா."

"வாட்ச்மேன்தானே? பாவம்ப்பா அந்த ஆளு, இந்த ஒரு தடவையாவது விட்டுடுங்க."

"விட்டுட்டேன். இந்தத் தடவை நிஜமாவே யோசிச்சேன்."

மறுநாள் மதியம், ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, அப்பா வீட்டில், மகள் பழைய ஒன்பது பாகங்களையும் கையில் எடுத்தாள். ஸ்டேப்ளர் பின்னின் கால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஓட்டைக்குப் பதில் இரண்டு இருந்தன. லென்ஸ் வைத்துப் பார்த்தாள். ஒன்பதிலும் அப்படித்தான். அவளுக்குத் தெரியாமல் அப்பா ஒருமுறை பிரித்துப் படித்து, மறுபடி அடித்திருக்கிறார். முடிவு தெரிந்துதான் ஒவ்வொரு முறையும் வாட்ச்மேன் என்று எழுதியிருக்கிறார்.

ஐந்தாம் பாகத்தின் கடைசி அத்தியாயத்தில் ஒரு தாள் கிடையாது. அச்சகத்தில் விட்டுவிட்டார்கள் என்று அன்றைக்குச் சொல்லியிருந்தார். அந்தத் தாள் அவருடைய டூல்பாக்ஸில், டெஸ்டருக்கு அடியில், மடிப்புக் கலையாமல் இருந்தது. அதில் இரட்டையரின் அம்மா ஆஸ்பத்திரியில் சாகிறாள்.

அவள் பத்தாவதைத் திருப்பிப் பார்த்தாள். மூன்று பின்னிலும் காலுக்கு ஒரே ஓட்டை. இதை அவர் பிரிக்கவில்லை. உள்ளே இருப்பதுதான் அவர் முடிவு தெரியாமல் எழுதிய ஒரே சீட்டு. திறந்த மூலையில் அதன் நுனி தெரிந்தது. நகத்தால் இழுத்தாலே வந்துவிடும்.

இழுக்கவில்லை. முதலிலிருந்து ஒழுங்காகப் படித்தாள். இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாவது நாள் காலை ஒரு பெயரை எழுதி, அவருடைய சீட்டுக்கு மேல் தள்ளினாள். எழுதியது வாட்ச்மேன்.

இனி அந்த நாலாவது பின்தான். ஸ்டேப்ளரை எடுக்கச் சமையலறைக்குப் போனாள். சுவரிலிருந்த காலண்டரில், அவருடைய கடைசி வாரத்துக்கு நேராக, வாங்க வேண்டியவற்றைப் பென்சிலால் எழுதியிருந்தார். குழாய்க்கு வாஷர், வாங்கியதும் கோடு போட்டு அடித்திருந்தது. கண்ணாடிக்கு ஸ்க்ரூ, அடித்திருந்தது. ஸ்டேப்ளர் பின் ஒரு பெட்டி, அடிக்கவில்லை.