முதுகில்லாத சுவர்கள்

பம்பாய்த் தாராவியில் நான் வேலை பார்த்த கார்கானாவில், சின்னப் பட்டறைதான், தெர்மாகோலில் கணபதி மண்டபம் செய்வோம். சதுர்த்திக்கு மராத்திக்காரர்கள் வீட்டில் சிலையைச் சுற்றி வைப்பார்களே, தூணும் வளைவுமாக, அதுதான். மொதலாளி எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம், என்னைவிட வயதில் சின்னவர், என்னை யக்கா என்று கூப்பிடுவார். கரண்டில் சூடாகிற மெல்லிய கம்பி ஒன்றைச் சட்டத்தில் இழுத்துக் கட்டியிருக்கும். அதற்குக் கட்டர் என்று பெயர். அதில் தெர்மாகோலை வெட்டுவது என் வேலை.

எண்பதுகளில் ஒரு தை மாதம் என் வீட்டுக்காரருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. தோல் கிடங்கில் மூட்டை தூக்கின மனுஷர், தலையணையைத் தானாக நகர்த்த முடியாமல் கிடந்தார். மகள் டோம்பிவிலியில். லோக்கல் ரயில் பிடித்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவாள். மற்ற நாளில் நான்தான் பத்து மணிக்கு ஒரு தடவை, ஒரு மணிக்கு, அப்புறம் நாலு மணிக்கு என்று கார்கானாவிலிருந்து ஓடி வந்து அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, தண்ணீர் கொடுத்து, துணி மாற்றிவிட்டு மறுபடி ஓடுவேன். மழை வந்தால் சந்தில் முழங்கால் தண்ணீர். உட்கார்ந்தாலும் கால் மட்டும் நடந்துகொண்டே இருக்கிற மாதிரி இருக்கும்.

அப்போதுதான் மாட்டுங்காவிலிருந்து பேங்க்கார சார் ஒருவர் வந்தார். ஐயர் வீட்டுப் பிள்ளை, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பையிலிருந்து ஒரு ஈயப் பொம்மையை எடுத்து வைத்தார். கட்டைவிரல் உயரம், கையில் கத்தி. அண்ணா அமெரிக்காவிலிருந்து அனுப்பினாராம். இந்த மாதிரிப் பொம்மைகளை வைத்து, பகடை உருட்டி, நாலு பேர் ஆடுகிற ஆட்டமாம். பொம்மைகள் நடக்கத் தரையும் சுவரும் வேண்டும் என்றார்.

“ஒரு இன்ச்சுக்கு ஒரு கட்டம். ஒரு கட்டத்துல ஒரு ஆள் நிக்கணும். துண்டு துண்டா இருந்தா மாத்தி மாத்தி அடுக்கிக்கலாம். பூமிக்கு அடியில பழைய கல்லு ஜெயில்னு வெச்சுக்கோங்கோ.”

“ஜெயிலா?” என்றார் மொதலாளி. “நாங்க சாமிக்கு வீடு கட்டுத ஆளுவோ சார்.”

“அதே வேலைதான். ஜன்னல் மட்டும் கூடாது.”

எங்கள் அறையிலும் ஜன்னல் கிடையாது. அதனால் அது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை.

அவர் போனபிறகு மொதலாளி என்னிடம் வந்தார். “யக்கா, பேங்க்காரரு, நாளப்பின்ன உதவுவாரு. இத ஒரு குத்தமும் இல்லாமச் செஞ்சு குடுத்திரு. பளைய கட்டரு ஒண்ணு சும்மா கெடக்குல்லா? இது நல்லா முடிஞ்சா அத வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி அங்கனயே இருந்து வெட்டு. வீட்ல கெடக்க அண்ணனப் பாத்துக்கிட்ட மாதிரியும் ஆச்சு.”

தலையை ஆட்டினேன். அன்று நாலு மணிக்கு வீட்டுக்கு ஓடும்போது, இன்னும் கொஞ்ச நாள்தான் என்று காலுக்குச் சொல்லிக்கொண்டே ஓடினேன்.

மை தீர்ந்த பேனாவால் தரைத் துண்டுகளில் கட்டம் கீறினேன். ஜல்லிக்கல்லை வைத்து அமுக்கினால் தெர்மாகோலில் கல்லில் இருப்பது போலவே பள்ளம் விழும். அதன்மேல் மெல்லிய காகிதத்தைப் பசையோடு பள்ளத்துக்குள் அழுத்தி, சாம்பல் நிறத் தண்ணீர்ச் சாயம் பூசினேன். ஆயில் பெயிண்ட் என்றால் தெர்மாகோலைத் தின்றுவிடும். மொதலாளி ஒவ்வொரு துண்டாக எதிரில் நிறுத்திப் பார்த்தார். “கல்லேதான் யக்கா. கால்ல விளுந்தா நகம் பேந்துரும்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாட்டுங்காவுக்குப் போனேன். இரண்டாவது மாடி. சாரும் சிநேகிதர்கள் மூன்று பேரும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். துண்டுகளை நடுவில் அடுக்கினார்கள். சார் முகம் மலர்ந்தது. ஆனால் அவருக்கு எதிரே இருந்தவர் சிரிக்க ஆரம்பித்தார்.

“டேய், உனக்குத்தான்டா ஜெயில். இங்கேர்ந்து பாத்தா ஃப்ரிட்ஜ் வந்த பெட்டிக்குள்ள மாட்டிண்ட மாதிரி இருக்கு!”

சார் எழுந்து அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். அங்கே எல்லாச் சுவரும் வெறும் வெள்ளைத் தெர்மாகோல்.

“என்னம்மா இது, சுவருக்கு ரெண்டு பக்கம் உண்டோல்லியோ?”

மண்டபத்துக்கு முகம் மட்டும்தான் செய்வோம். பின்பக்கம் வீட்டுச் சுவரோடு ஒட்டி நிற்கும், அதற்குச் சாயம் வீண். இத்தனை வருஷப் பழக்கத்தில் கை தானாக ஒரு பக்கத்தோடு நின்றுவிட்டது. பார்த்துச் சரி என்று சொன்ன மொதலாளிக்கும் தோன்றவில்லை.

“திருப்பி எடுத்துண்டு போங்கோ. நாளைக்கு ஓனர்ட்ட நான் பேசிக்கறேன்” என்றார் சார்.

பேசினால் கட்டர் போச்சு. வெளி ஆண்களிடம் நிமிர்ந்து பேசிப் பழக்கமில்லாதவள் நான். மேஜைக் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். “இங்கனயே இருந்து செஞ்சு தாரேன் சார். மொதலாளிட்ட மட்டும் சொல்லிராதீங்க.”

ஃப்ரிட்ஜ் பெட்டி என்றவர்தான், “செய்யட்டும்டா, பாவம்” என்றார்.

அடுப்படியில் மைதாப் பசை காய்ச்சிக் கொண்டேன். பழைய பேப்பர் கொடுத்தார்கள். பூந்தொட்டியில் இரண்டு கல் கிடைத்தது. சாயத்துக்குப் பேனா மையையும் காப்பிச் சக்கையையும் கலந்தேன். கூடத்து மூலையில் தரையில் உட்கார்ந்து சுவர் சுவராக முதுகு செய்தேன். அவர்கள் காயாத சுவர்களை வைத்தே ஆடினார்கள். நான் வெட்டின ஒரு கதவைத் திறக்கலாமா வேண்டாமா என்று அரைமணி நேரம் சண்டை. அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும், சொல்லவில்லை.

முடிக்கும்போது ஆறு மணி தாண்டிவிட்டது. மகள் ஐந்து மணி வண்டிக்குப் போயிருந்தாள். வீட்டில் அவர் நனைந்த துணியில் கிடந்தார். துணியை மாற்றி, புரட்டிப் படுக்கவைத்தேன்.

சார் மொதலாளியிடம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாரமே கட்டர் வீட்டுக்கு வந்தது. மொதலாளியே ஆள் வைத்துத் தூக்கி வந்து மாட்டிக் கொடுத்தார்.

முதல் நாள் பத்துத் தூண் வெட்டியிருப்பேன். சூட்டுக் கம்பி பட்டுத் தெர்மாகோல் கருகின புகை அறையிலேயே நின்றது. கார்கானாவில் இரண்டு பக்கமும் திறப்பு இருந்ததால் இத்தனை வருஷம் அது எனக்கு உறைக்கவில்லை. இவர் இருமினார். இருமல் வந்தால் எழுந்து உட்காரவும் முடியாது, முகத்தைத் திருப்பவும் முடியாது. கண்ணில் நீர் வழிந்தது. கட்டரை அணைத்துவிட்டு விசிறினேன். திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று நினைத்தேன். மறுபடி அந்த ஓட்டம் ஓட உடம்பில் தெம்பு இல்லை.

கடைசியில் கட்டரை வாசற்படியில் வைத்துச் சந்துப் பக்கம் பார்த்து உட்கார்ந்தேன். புகை வெளியே போனது. போகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு திட்டிக்கொண்டே போனார்கள், நான் வெட்டிக்கொண்டிருப்பேன். அவருக்கு ஏதாவது வேண்டுமென்றால் தட்டில் தம்ளரைத் தட்டுவார், எழுந்து போவேன். அவர் போய்ச் சேரும்வரை இரண்டு வருஷத்துக்கு மேல் அப்படித்தான். பகலெல்லாம் அவர் பார்த்தது என் முதுகைத்தான்.

ஒருநாள் தம்ளரைத் தட்டினார். போனேன்.

“ஏளா, ஒன் ஜாக்கெட்டு முதுவுல கிளிஞ்சிருக்கு” என்றார்.

தைக்கிறேன் என்றேன். கட்டர் சூடாக இருந்தது, திரும்பிப் போய் உட்கார்ந்தேன்.