திறக்கத் தெரிந்தவள்

ஒரகடத்தில் நான் வேலை பார்த்த கம்பெனி சின்னது. பெரிய கார் கம்பெனிகளின் மதில் ஓரமாகவே பஸ் ஓடிக்கொண்டிருக்கும். கடைசியில் எங்களை ஒரு தகரக் கூரை ஷெட் முன்னால் இறக்கிவிடும். காருக்கான பிளாஸ்டிக் சாமான்கள்தான் அங்கே முக்கால்வாசி. எங்கள் லைன் மட்டும் வேறு. வெளிநாட்டில் விளையாட்டுக்காரர்கள் படம் போட்ட அட்டைச் சீட்டுகளைச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்களாம். சீட்டில் கீறல் உண்டா, மூலை மழுங்கியிருக்கிறதா என்று பார்த்து மார்க் போட அதற்கென்றே ஆட்கள் உண்டாம். மார்க் போட்ட சீட்டைக் கண்ணாடி மாதிரியான ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து நிரந்தரமாக மூடிவிடுவார்களாம். பத்தாம் வகுப்பில் நான் வாங்காத மார்க்கை ஓர் அட்டை வாங்கிவிடுகிறதே என்று எனக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது.

அந்தப் பெட்டிதான் எங்கள் சரக்கு. மேல் பாதி, கீழ்ப் பாதி என்று தனித்தனியாக அனுப்புவோம். அங்கே போய்த்தான் சீட்டை உள்ளே வைத்து ஒட்டுவார்கள். ஆனால் ஒவ்வொரு லாட்டிலும் சிலதை எடுத்து நாங்களே ஒட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே வைக்க ஒரு வெள்ளை அட்டை கொடுத்திருந்தார்கள். நிஜச் சீட்டு எப்படி இருக்கும் என்று எங்களில் யாரும் கண்டதில்லை. ஒட்டுகிற மெஷினில் நான் உட்காருவேன். பசையும் கிடையாது, திருகாணியும் கிடையாது. மெஷின் ஒரு கீச்சுச் சத்தம் போட்டு அமுக்கும். இரண்டு பாதியும் உருகி ஒன்றாகிவிடும். அப்புறம் அதைச் சிமெண்டுத் தரையில் போடுவோம், அடுப்பில் வைப்போம், தண்ணீரில் முக்குவோம், மேலே கனம் ஏற்றுவோம். எல்லாம் முடிந்து மிஞ்சி நிற்பது லைனின் கடைசியில் இருந்த ஒருத்தியின் கைக்குப் போகும்.

அவள் தூத்துக்குடிப் பக்கத்துக் கடலோரத்துப் பெண். பக்கத்திலேயே ஹாஸ்டலில் இருந்தாள். பெட்டியைத் திறப்பதுதான் அவள் வேலை. நல்ல மார்க் வாங்கிய சீட்டை உருவிக்கொண்டு, உள்ளே ஒரு மட்டமான சீட்டை வைத்து மூடி ஏமாற்றுகிறவர்கள் உண்டாம். அதனால் யாராவது நெம்பினால் விளிம்பு வெளுத்துப் போய்க் காட்டிக்கொடுக்க வேண்டும். வெளுக்காமல் அவள் திறந்துவிட்டால் அந்த லாட் அப்படியே நிற்கும், சூப்பர்வைசர் தலையில் கை வைத்துக்கொள்வார். கம்பெனியே சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் திருடி என்று அவளைக் கேலி செய்வோம். மெல்லிய பிளேடும் நைலான் நூலும் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தால் பார்க்கவே அழகாக இருக்கும்.

"நான் மூடினத நீ தொறந்துடுவியாடி?" என்பேன்.

"நீங்க மூடுதது எனக்கு அல்வா மாதிரில்லாக்கா" என்பாள்.

கீறல் விழுந்து கழித்துப் போட்ட பெட்டிகளில் எங்கள் சொந்தப் படங்களை வைத்து ஒட்டிக்கொள்வது லைனில் ஒரு வழக்கம். சூப்பர்வைசர் கண்டும் காணாமல் இருப்பார். குன்றத்தூர் மலைக்குப் போனபோது வாங்கி வந்த முருகன் என் வீட்டில் இன்றைக்கும் அப்படியொரு பெட்டிக்குள்தான் நிற்கிறார். பொம்பளைகள் பிள்ளைகளின் பள்ளிக்கூட அடையாள அட்டைகளைக்கூட ஒட்டி வாங்கிப் போவார்கள். எங்கள் சரக்கின் மேல் எங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஓர் ஐப்பசி மழையில் அவள் அம்மாவின் படத்தைக் கொண்டு வந்தாள். அந்தச் சித்திரையில்தான் அம்மா இறந்திருந்தாள். மாதா கோவில் திருவிழாவில், வரைந்த திரைச்சீலைக்கு முன்னால் நிற்க வைத்து எடுத்த படம், உள்ளங்கையளவு. அந்த அம்மா படம் எடுக்கவே நிற்காதவளாம். வேறு படம் கிடையாது. பர்ஸில் வைத்து வைத்து ஓரம் மடிந்திருந்தது, ஹாஸ்டல் ஒழுகலில் கொஞ்சம் நமத்தும் இருந்தது.

"இத உள்ள வச்சுக் குடுங்கக்கா. இனும ஒண்ணும் ஆகாதுல்லா?"

"லாரி ஏறினாலும் ஒண்ணியும் ஆவாது, குடு" என்றேன்.

துப்பட்டாவால் துடைத்துக் கொடுத்தாள். இருந்ததிலேயே கீறல் குறைந்த பெட்டியாகப் பார்த்து எடுத்து ஒட்டினேன். படம் முன்பக்கத்துப் பிளாஸ்டிக்கோடு கச்சிதமாகப் படிந்து உட்கார்ந்தது. நாளாக ஆக அந்த அம்மாவின் முகத்தில் ஒரு பக்கம் எண்ணெய் தடவியது மாதிரி மின்ன ஆரம்பித்தது. "அம்ம பளபளன்னு ஆயிட்டாவ பாருங்கக்கா" என்று டீ டைமில் எடுத்துக் காட்டுவாள். நானும் சந்தோஷப்பட்டேன். அந்த மினுமினுப்பு என்னவென்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

பங்குனி வெயிலில் அவளுடைய அண்ணன் போன் செய்தார். முதல் வருஷப் பூசைக்கு அம்மா படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட வேண்டும், ஸ்டூடியோவில் கொடுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு வா என்று. பெட்டியைத் திறந்தாக வேண்டும் என்றாள். வேண்டாம் என்று யாருக்குமே தோன்றவில்லை. திறப்பதுதானே அங்கே அவள் வேலை.

சாப்பாட்டு வேளையில் டெஸ்டிங் மேஜையில் உட்கார்ந்தாள். நாங்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றோம். பிளேடை விளிம்பில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நூலை மெதுவாக ஓட்டினாள். சோதனைக்குத் திறக்கும்போதுகூட அவ்வளவு பொறுமை பார்த்ததில்லை. விளிம்பில் ஒரு வெளுப்பில்லை, ஒரு விரிசல் இல்லை. அவள் திறந்ததிலேயே அதுதான் சுத்தமான திறப்பு. யாரோ கைதட்டக்கூடச் செய்தார்கள். மேல் பாதியைத் தூக்கினாள். படத்தின் மினுமினுத்த இடமெல்லாம் அதோடு உரிந்து வந்துவிட்டது. கீழே இருந்த காகிதத்தில் பாதி முகம் மட்டும் இருந்தது. மீதி பிளாஸ்டிக்கில் துணுக்குத் துணுக்காக ஒட்டியிருந்தது.

அவள் அழவில்லை. இரண்டு பாதியையும் திரும்ப ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. நகர்த்தி வைத்தாள். அதற்குள் சில துணுக்குகள் மேஜையில் உதிர்ந்துவிட்டன. நான்தான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

விஷயம் கேள்விப்பட்டு சூப்பர்வைசர் வந்து பார்த்தார். "அங்க சீட்ட மொதல்ல மெல்லிசு கவர்ல போட்டுட்டுதாம்மா நம்ம பெட்டில வைப்பாங்க. ஒட்டிக்கக் கூடாதுன்னுதான். தெரியாதா?" என்றார். எங்களுக்கு யார் சொன்னது? வெள்ளை அட்டையைக் கொடுத்து ஒட்டு என்றார்கள், ஒட்டினோம். வெளியிலிருந்து வரும் ஆபத்து எல்லாவற்றுக்கும் அங்கே ஒரு டெஸ்ட் இருந்தது. உள்ளே இருப்பதைப் பெட்டியே தின்றுவிடுமா என்று பார்க்க ஒரு டெஸ்ட் இல்லை. வேலியே பயிரை மேய்ந்த கதை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஷிப்ட் முடிந்து அவளைக் கூட்டிக்கொண்டு ஜங்ஷனில் இருந்த ஸ்டூடியோவுக்குப் போனேன். ஸ்டூடியோக்காரர் விளக்கு வெளிச்சத்தில் இரண்டு பாதியையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத இன்னாத்துக்கும்மா தொறந்தீங்க? கண்ணாடி கணக்கா கீது. பொட்டியோட அப்படியே வச்சு போட்டோ எடுத்திருப்பேனே" என்றார்.

நானும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மழையும் வெயிலும் ஏறி இறங்கின அத்தனை மாசமும் படம் அந்தப் பெட்டிக்குள் முழுசாகத்தான் இருந்திருக்கிறது. வேறு வேலை பார்க்கிற பெண்ணாக இருந்திருந்தால் பெட்டியோடு கொண்டு வந்து கொடுத்திருப்பாள். திறக்கத் தெரியாதவளுக்குத் திறக்கிற யோசனையே வந்திருக்காது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து என்ன ஆகப் போகிறது.

ஸ்டூடியோக்காரர் நல்ல மனுஷன். கம்ப்யூட்டரில் போட்டு ஏதாவது செய்கிறேன் என்றார். காகிதத்தில் மிஞ்சியிருந்த பாதி முகத்தைக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி, மறு பாதியாக வைத்து ஒட்டி, முழு முகமாக்கினார். திரையில் ஒரு அம்மா வந்தாள். லட்சணமாகத்தான் இருந்தாள்.

அவள் திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். "அம்மைக்கு ஒரு கண்ணு கொஞ்சம் சின்னதாட்டு இருக்கும்ணே. சிரிச்சா அது மூடியே போயிரும்" என்றாள்.

"எந்தக் கண்ணும்மா?"

போன பாதியில் இருந்த கண். அவர் அதைச் சின்னதாக்கிப் பார்த்தார். ஏதோ கோணலாக வந்தது. இன்னொரு விதமாகச் செய்தார். அதுவும் சரியில்லை. கடைசியில் அவளே, "முத இருந்த மாதிரியே இருக்கட்டும்ணே, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள். படத்தைச் சட்டம் போட்டு, பேப்பர் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போனாள்.

பூசை முடிந்து திரும்பி வந்தவளிடம் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவளே மெஷின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஊர்ல எல்லாருக்கும் புடிச்சிருக்குக்கா. அம்ம அப்படியே உயிரோட இருக்கமாரி இருக்குங்காவ. அண்ணனும் ஒண்ணும் சொல்லல."

"அதான, நல்லாத்தான் கீது" என்றேன்.

நான் ஒட்டி வைத்திருந்த ஒரு பெட்டியை எடுத்து விளிம்பை நகத்தால் தடவினாள். பிறகு சொன்னாள்: "கண்ண மூடுனா எனக்கும் இப்பம் அந்த மூஞ்சிதான்க்கா வருது. பழசு வரமாட்டேங்கு."