ஹாஸ்கல் அம்மாவின் காது மிஷின்

தொமித்திலா வாஸ்கேஸ் எங்கள் விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்பவள். சொனோமா மலைச்சரிவில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது விடுதி. மூங்கில் வேலி, தாள் ஒட்டிய கதவுகள், சரளைக்கல் தோட்டம் எல்லாம் உண்டு. ஜப்பானியர் ஒருவர்கூட இங்கே வேலை பார்த்ததில்லை. முதலாளி ஒருமுறை கியோட்டோ போய்வந்து, சொக்கிப்போய்க் கட்டியது. தினமும் காலையில் சரளையில் அலை அலையாகக் கோடு இழுப்பது தெற்கே எல்லைக்கு அப்பால் ஒஹாகாவிலிருந்து பிழைக்க வந்த நாங்கள்தான். நான் பிதென்சியோ, சமையல்காரன். தொமித்திலாவின் மூத்த மகளுக்கு ஞானத்தந்தை. அதனால் அவளை நான் கொமாத்ரே என்பேன், அவள் என்னைக் கொம்பாத்ரே என்பாள்.

பத்தொன்பது வயதில் இங்கே வந்தவள். பதினாலு வருஷம் திராட்சை பறித்தாள். முட்டி தேய்ந்த பிறகுதான் விடுதி வேலை. அதிகம் பேசமாட்டாள். ஆனால் ஒரு படுக்கையை விரித்து வந்தால், அதில் படுத்தவர்களின் கதை முழுக்க அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"நாலாம் நம்பர்ல ரெண்டு பேரும் பேசிக்கிறதில்ல கொம்பாத்ரே," என்றாள் அன்று காலை. "தலகாணிய ஆளுக்கொரு மூலையில போட்டுப் படுத்திருக்காங்க."

நாலாம் நம்பர் ஹாஸ்கல் தம்பதி. இருவருக்கும் எழுபது தாண்டியிருக்கும். காலைச் சாப்பாட்டில் அவர் ஏதோ சொன்னார், அந்த அம்மாள் மிசோ சூப்பைத் தொடாமல் எழுந்துபோனார். பத்தரை மணிக்கு அவர்களுடைய வெள்ளைக் கார் சரளையைச் சிதறடித்துக்கொண்டு வெளியேறியது.

அக்டோபர் மாதம். மூன்று நாளாக வறண்ட காற்று. கம்பி உரசித் தீப்பிடிக்கக்கூடாது என்று மின்சாரத்தை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். விருந்தினர்களிடம் கைபேசி இருக்காது. வந்தவுடன் வாங்கி தேவதாருப் பெட்டியில் பூட்டிவிடுவோம், அமைதி கெடக்கூடாது என்று. ஒன்றரை மணிக்கு மேலாளர் காரெட்டின் கைபேசி மட்டும் அலறியது. கிழக்கு முகட்டில் தீ. உடனே எல்லோரும் வெளியேற வேண்டும்.

பருத்தி அங்கியோடும் மரச்செருப்போடும் ஓடிவந்தவர்களை வேனில் ஏற்றினோம். காரெட் பெயர்ப்பட்டியலில் ஒவ்வொன்றாகக் குறித்தார். "ஹாஸ்கல் ரெண்டு பேர். கார் இல்ல, போயிட்டாங்க."

"அந்தம்மா போகல சார்," என்றாள் தொமித்திலா.

"நான் கார் போறதைப் பார்த்தேன்."

"காரத்தான பார்த்தீங்க, ஆள இல்லையே. அவங்க காது மிஷின் கட்டில் பக்கத்துக் கிண்ணத்துல இருக்கு. காத கழட்டி வச்சுட்டு யாராவது வெளியூர் கிளம்புவாங்களா?"

"மறந்திருப்பாங்க. ஏறு தொமித்திலா. பதினோரு உயிர் இந்த வண்டியில இருக்கு."

அவர் சொன்னதும் தப்பில்லை. முகட்டின் மேல் புகை அதற்குள் பழுப்பாகி, சூரியன் செம்புக்காசு போலத் தெரிந்தது. அவள் ஏறவில்லை. என்னைப் பார்த்தாள்.

"கொம்பாத்ரே, உன் வண்டி ஸ்டார்ட் ஆகுமா, இல்ல வழக்கம்போலத்தானா?"

"ஆகும்," என்றேன். வேன் கிளம்பியது.

நாலாம் நம்பரில் ஆள் இல்லை. தேநீர்க் குடிலிலும் இல்லை. "குளியல் வீடு," என்று சொல்லிக்கொண்டே அவள் வெந்நீர்த் தொட்டி இருக்கும் மேட்டில் ஏற ஆரம்பித்தாள். நொண்டிக்கொண்டே என்னை முந்திப்போனாள். சாம்பல் மழைத்தூறலைப்போல எங்கள் தலையில் விழுந்தது.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. நான் தட்டினேன், உதைத்தேன், கத்தினேன்.

"காது கேக்காதவங்களுக்கு எதுக்குடா கத்துற!" என்று தொமித்திலா என்னைத் தள்ளினாள். போன மாதம் தன் கையால் தாள் ஒட்டிய ஜன்னல் அது. அதைக் கிழித்து, சட்டத்தை முழங்கையால் உடைத்து, உள்ளே கைவிட்டுத் தாழைத் திறந்தாள்.

ஹாஸ்கல் அம்மாள் தொட்டி நீரில் கழுத்தளவு மூழ்கி, கண்மேல் ஈரத்துணி போட்டுப் படுத்திருந்தார். தொமித்திலா தோளைத் தொட்டதும் வீறிட்டார். மார்பை மூடிக்கொண்டு, "வெளியே போ! வெளியே போ!" என்று தண்ணீரை வாரி அடித்தார். நான் முதுகைத் திருப்பிக்கொண்டேன். தொமித்திலா அந்த அம்மாளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, திறந்த கதவின் பக்கம் திருப்பினாள்.

அதன் பிறகு அங்கியை மாட்ட எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. எனக்கு ஒரு மணி நேரம்போல இருந்தது.

கீழே வந்து வண்டியைத் தார்ச்சாலைக்குத் திருப்பினேன். முதல் வளைவிலேயே ஓக் மரமொன்று எரிந்தபடி குறுக்கே கிடந்தது. பின்னால் விடுதியின் மூங்கில் வேலி பட்பட்டென்று வெடிக்கும் சத்தம்.

"செத்தோம் கொமாத்ரே."

"வாய மூடு. இடது பக்கம் ஓட்டு, திராட்சத் தோட்டத்து வேலியப் பாத்து."

"கேட்டு பூட்டியிருக்கு!"

"கேட்டுல யாரு போகச் சொன்னா?"

இறங்கி, வேலியில் மூன்றாவது கம்பத்தைக் கட்டிப்பிடித்து ஆட்டினாள். அது மண்ணிலிருந்து கழன்று வந்தது. அவள் இந்தத் தோட்டத்தில் திராட்சை பறித்த காலத்தில் கங்காணி கண்ணில் படாமல் சாப்பிடப் போக அவர்கள் வைத்திருந்த வழியாம். கம்பி தரையில் சாய்ந்தது. அதன்மேல் ஏற்றி ஓட்டினேன்.

கொடிவரிசைகளுக்கு நடுவே உழுத வெறும் மண். எரிய அதிகம் ஒன்றுமில்லை. ஆனால் புகை. இரண்டு வரிசைக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. தொமித்திலா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "நேரா... நேரா... இப்ப கீழ இறங்கு," என்று வழி சொன்னாள். பக்கவாட்டுக் காய்ந்த புல்லில் தீ எங்களோடு ஓடிவந்தது. நடுவில் உட்கார்ந்திருந்த ஹாஸ்கல் அம்மாளுக்கு அந்த இரைச்சல் எதுவும் கேட்கவில்லை. எங்கள் வாயை மாறி மாறிப் பார்த்தார், நல்ல செய்தி ஏதாவது வருமா என்று. ஒரு கட்டத்தில் தொமித்திலாவின் விரல்களைப் பிடித்துக்கொண்டார். ஜன்னல் சட்டம் கிழித்து அந்தக் கையில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அவள் அப்போதுதான் அதைக் கவனித்தாள்.

மேற்கே, ஆற்றுப்பாலத்துச் சாலையில் வெளிவந்தோம். போலீஸ் தடுப்பருகே ஹாஸ்கல் ஒரு காவலரின் சட்டையைப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தார். எங்கள் வண்டியைப் பார்த்ததும் நடுச்சாலையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாள் இறங்கிப்போய் அவர் முன்னால் நின்றார். அணைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். ஓர் அறை விட்டார். அதன்பின்தான் அழுதார்.

குளியல் வீடும் நாலு அறைகளும் எரிந்துபோயின. வேனில் போனவர்கள் பத்திரம். தொமித்திலாவின் கையில் ஒன்பது தையல்.

ஒரு வாரம் கழித்து காரெட் அவள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லும்வரை நின்றார்.

"நீ சொன்னதைக் கேட்டிருக்கணும்," என்றார்.

"வேன கிளப்பினது சரிதான் சார். பட்டியல்ல பொய்யா குறிச்சதுதான் தப்பு. போலீஸ்காரங்க அதப் பார்த்துத்தான அந்தம்மாவத் தேட வராம இருந்திருப்பாங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

வசந்தத்தில் விடுதி மறுபடி திறந்தபோது, மூச்சுமுட்டும் இடத்தில் இனி நிற்க முடியாது, புதிதாகக் கட்டிய குளியல் வீட்டுப் பக்கம் போகச் சொல்லாதீர்கள் என்றாள். ஒப்புக்கொண்டார்கள். ஆள் கணக்கை முகம் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்றும் சொன்னாள். அந்தப் பட்டியலை இப்போது அவளிடமே கொடுத்துவிட்டார்கள்.

"அன்னைக்குப் பயமா இல்லையா கொமாத்ரே?" என்று ஒருநாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டேன்.

"இல்லாம? உன் வண்டில ஏறினேனே," என்றாள். சிரிக்கவில்லை. வெளியே காற்று புது மூங்கில் வேலியை அசைத்தது. உடனே எழுந்துபோய்க் கிழக்கே பார்த்துவிட்டு வந்தாள்.