கழி சொருகுகிற கவுன்

நான் ஒரு அசடு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு மரியாதையாக இருக்காது. கொடி தைக்கத் தெரிந்தவனுக்குக் கவுன் தைக்கத் தெரியாதா என்று நினைத்தவன் நான். இரண்டும் காற்றில் ஆடுகிற துணிதானே?

கீழத்தஞ்சையில் அப்போது கூலிக்காக ஒரே போராட்டம். வயலுக்கு வயல் கொடி நட்டார்கள். என் மனைவிக்குச் சீராக வந்த தையல் மெஷினில் அத்தனையும் நான்தான் தைத்தேன். விவசாயச் சங்கத்துக்குச் சிவப்பு, ஆட்சிக்கு வந்திருந்த கட்சிக்குக் கறுப்பு சிவப்பு. மெஷினுக்கு ஏது கட்சி?

எங்கள் வீட்டில் தீபாவளி கிடையாது, பொங்கலுக்குத்தான் புதுசு. ஒரு வருஷம் கூலிப் பேச்சு இழுத்துக்கொண்டே போய், அறுவடை நின்று, பொங்கலுக்கு யாருக்கும் எதுவும் எடுக்க முடியவில்லை. மாட்டுப்பொங்கலன்று கோயில் திடலில் பெண் பிள்ளைகள் கும்மியடிப்பார்கள். புதுசு போட்டவர்களுக்குத்தான் முன்வரிசை. என் மகள் பழைய பாவாடையோடு போய், "நான் வேடிக்கை பாக்கத்தான் வந்தேன்" என்று சொல்லி ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். அதை அவள் அழாமல் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த பொங்கலுக்கு நீதான் முன்வரிசை என்று அன்றைக்கே வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த வருஷம் கூலி பேசி முடிந்தது. கூட்டுறவுக் கடையில் என் மனைவி மலிவு விலைக் கண்ட்ரோல் துணி வாங்கி வந்தாள். வெளிர் மஞ்சளில் பச்சைப் பூ. ஒரு கவுனுக்குத்தான் வரும், வீணானால் வேறு துணிக்கு வழியில்லை. அறுப்பிலிருந்து வந்து தானே தைப்பதாகவும், அதுவரை நான் தொடக் கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனாள். வெற்றி ஊர்வலத்தில் கோஷம் போட்டுக்கொண்டே வரப்பிலிருந்து வாய்க்காலில் விழுந்து கால் சுளுக்கியிருந்ததால், தெருவில் நான் ஒருவன்தான் வெட்டியாக இருந்தேன். பாவம், களைத்து வருவாளே என்று இரக்கம் வந்தது. என் இரக்கம் எப்போதுமே ஆபத்தானது.

பழைய கவுனை மேலே வைத்து வெட்டினேன். மெஷினில் இருந்ததோ கொடி நூல், மேலே சிவப்பு, பாபினில் கறுப்பு. அப்படியே ஓட்டினேன். கை தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. முடித்துவிட்டுத் துணியை உதறிப் பிடித்தபோது, என் கண் மூங்கில் கழியைத் தேடியது. அப்போதுதான் உறைத்தது. பழக்க தோஷத்தில் கவுனின் இடது பக்கம், இடுப்பிலிருந்து கீழ் விளிம்பு வரை, கழி சொருகுகிற உறையை வைத்துத் தைத்திருக்கிறேன். காற்றில் கிழியாமல் இருக்க இரட்டைத் தையல் வேறு. அதைப் பிரித்தால் அந்த மட்டமான துணி கிழிந்து கையோடு வந்துவிடும்.

மனைவி வந்து பார்த்தாள். உறைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். "ஏங்க, இவள எந்த வயல்ல நடப்போறீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். அன்றைக்கு ராத்திரி முழுக்க மறுபடியும் அந்தப் பிள்ளை ஓரமாக உட்காருவது கண்ணுக்குள்ளேயே நின்றது.

மாட்டுப்பொங்கலன்று காலர் ஓரத்தில் மஞ்சள் தடவி மகளுக்குப் போட்டுவிட்டோம். கழுத்து சரியாக இருந்தது, கையும் சரியாக இருந்தது. அவள் உறையைத் தடவிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கொல்லைப் பக்கம் போய்க் கரும்பில் ஒரு துண்டை ஒடித்து உறைக்குள் சொருகிக்கொண்டு திடலுக்கு நடந்தாள். நானும் நொண்டிக்கொண்டே பின்னால் போனேன்.

கொடியில் உறையின் மேல் பக்கம் மூடியிருக்கும். துணியைத் தலைகீழாகப் பிடித்துத் தைத்ததில் கவுனில் கீழ்ப் பக்கம் மூடிக்கொண்டிருந்தது. அதனால் கரும்பு விழவில்லை. என் இரண்டாவது தப்பு முதல் தப்பைக் காப்பாற்றிவிட்டது.

கும்மிக்கு இரண்டு கையும் வேண்டும். மற்ற பிள்ளைகள் கையிலிருந்த கரும்பை அம்மாக்களிடம் கொடுப்பதா, மண்ணில் போடுவதா என்று தவித்துக்கொண்டிருக்க, என் மகள் நேராக முன்வரிசையில் போய் நின்றாள். கை தட்டிச் சுற்றுவாள், பாட்டு நின்றால் கரும்பை உருவி ஒரு கடி கடிப்பாள், மறுபடி சொருகிக்கொள்வாள். கும்மி முடிவதற்குள் மற்ற பிள்ளைகள் தங்கள் கவுனிலும் அந்த உறை வேண்டும் என்று அம்மாக்களைப் பிய்த்தெடுத்தார்கள். இரண்டு பெண்கள் என்னிடமே வந்து, அடுத்த பொங்கலுக்கு எங்க பிள்ளைக்கும் இப்படித் தச்சுக் குடுங்கண்ணே என்றார்கள். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

எனக்குத் தலை கால் புரியவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது மகளிடம் கேட்டேன். "அடுத்த பொங்கலுக்கும் உனக்கு அப்பாவே தைக்கட்டுமா?"

அவள் கரும்புச் சக்கையைத் துப்பினாள்.

"நீ பேசாம கொடியே தையிப்பா."