கரும்பாறைத் தண்ணீர்

எங்கள் அப்பாவுக்கு இரண்டு விஷயங்களில் அசைக்க முடியாத நம்பிக்கை. ஒன்று அவிநாசியப்பர். இன்னொன்று, கரும்பாறைக்கு அடியில் இருப்பது நல்ல தண்ணீர்தான் என்பது.

எங்கள் கிணற்றில் மேலே செம்மண், அதன் கீழே வெள்ளை வெள்ளையாகச் சுக்காங்கல், அதற்கும் கீழே கரும்பாறை. மழை பொய்த்த அந்த வருஷம் பாறைமேல் தேங்கி நின்ற கொஞ்சத் தண்ணீரும் வாயில் வைக்க முடியாதபடி உப்புக் கரித்தது. அதில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. உப்பெல்லாம் சுக்காங்கல்லின் வேலை, பாறையை உடைத்தால் கீழே இனிப்பாக ஊறும் என்று அப்பா சாதித்தார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்த மாமாவோ, எல்லோரும் அங்கேயே வந்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். இந்தத் தடவை பாறைக்கு வெடி வைத்தும் நல்ல தண்ணீர் வராவிட்டால் தோட்டத்தை விட்டுவிட்டுப் போய்விடுவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. எனக்கென்னவோ போக ஆசைதான். மாமா வீட்டுக்குப் பக்கத்திலேயே சினிமாக் கொட்டகை இருந்தது.

அன்று சாயங்காலம் அப்பா பாறையில் குடைந்த குழிகளில் வெடிமருந்து கெட்டித்து, திரிகளைப் பற்றவைத்துவிட்டு, கயிற்றைப் பிடித்து மேலேறி ஓடிவந்தார். வேப்பமரத்துக்குப் பின்னால் அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் பதுங்கினோம். எத்தனை குழியோ அத்தனை சத்தம் கேட்க வேண்டும் என்பது கிணற்று வெடியில் கணக்கு. அன்று ஒரு சத்தம் குறைந்தது. இரண்டு சேர்ந்து வெடித்திருக்கலாம். ஒன்று வெடிக்காமல் உள்ளேயே கிடக்கவும் செய்யலாம். அந்தச் சந்தேகம் வந்துவிட்டால் மறுநாள் வரை யாரும் இறங்கக் கூடாது.

புகை அடங்கியதும் கிணற்றுக்குள் சலசலவென்று கேட்டது. அப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சொம்பைத் துண்டில் முடிந்து தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"வேண்டாங்க. விடிஞ்சு எறங்கிக்கலாமுங்க," என்று அம்மா அவர் கையைப் பிடித்தாள். என் எதிரில் அவள் அப்பாவைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை.

அவர் கையை விடுவித்துக்கொண்டு இறங்கினார். அம்மா என்னை மரத்தடியிலேயே நிறுத்திவிட்டுக் கிணற்று மேட்டில் போய்க் குந்தினாள். உள்ளே ஒரு கல் உருண்டு விழுந்தது. அவள் "ஏனுங்க" என்றாள். மறுபடி "ஏனுங்க" என்றபோது அவள் குரல் எனக்குத் தெரிந்த குரலாகவே இல்லை. நான் அழ ஆரம்பித்தேன். சினிமாவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று அவிநாசியப்பரிடம் கெஞ்சினேன்.

ஒருவழியாகக் கயிறு ஆடியது. முழங்கால் வரை நனைந்து அப்பா மேலே வந்தார். சொம்பு தளும்பியது. அம்மா அதைப் பார்க்கவில்லை. அவர் கை, கால், முகம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகுதான் தண்ணீர் எப்படி என்று கேட்டாள்.

அப்பா கிணற்றை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"எளநியாட்டம் இருக்குது, புள்ள."

அவள் சொம்பை வாங்கி ஒரு வாய் குடித்தாள். விழுங்கக் கொஞ்சம் நேரமானது. பிறகு, "ஆமாங்க. எளநியேதானுங்க," என்றாள். எனக்கும் வேண்டும் என்று கை நீட்டினேன். சளி பிடித்துக்கொள்ளும் என்று சொல்லி, மிச்சத்தை உலை வைத்துப் பருப்பைப் போட்டுவிட்டாள். ஒரு வாய்கூடத் தராமல் தான் மட்டும் குடித்துவிட்டாளே என்று எனக்கு ஆத்திரமான ஆத்திரம்.

அன்றைக்குப் பருப்பு வேகவே இல்லை. அம்மா ஊதி ஊதிக் கண் சிவந்து, விறகு ஈரம் என்றாள். ஆமாம், ஈரம்தான் என்றார் அப்பா. கல்லுக் கல்லாகக் கிடந்த பருப்பை ஒன்று மிச்சம் வைக்காமல் தின்றார்.

விறகு பொறுக்கி வந்தவள் நான். தொட்டால் படக்கென்று ஒடிகிற காய்ந்த வேலமுள். பொட்டு மழை இல்லாத ஊரில் ஈர விறகாம்! அதைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா ஒரு கவளத்தை என் வாயில் வைத்து அடைத்தாள். இப்படிப் பச்சையாகப் பொய் சொல்கிற அம்மாவையும், அதற்குத் தலையாட்டுகிற அப்பாவையும் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல்தான் வந்தது.