குமுதாவின் வினிகர் போத்தல்

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குமுதாவின் வேலை, மற்றவர்கள் வேலையை நிறுத்துவது. சாமானில் சந்தேகம் வந்தால் "ஹோல்ட்!" என்பார், யாரும் அதைத் தொடக் கூடாது. சரியாக இருந்தால் "பாஸ்". இப்படிப்பட்டவருக்கு நண்பர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

டத்தோ கிராமாட்டில் உள்ள வீட்டிலும் அதே நிலவரம். கடற்கரைக்குக் கிளம்பினால் ஒரு போத்தல் வினிகரும் கூட வரும். "கடலையே ஊறுகா போடப் போறியா லா?" என்பார் கணவர் யுகேந்திரன். பதினெட்டு வருடமாக அதே நகைச்சுவை.

போன மாதம் பத்து ஃபெரிங்கி கடற்கரையில் அந்த நகைச்சுவையாளர்தான் அலறிக்கொண்டு கரையேறினார். தொடையில் ரோத்தான் பிரம்பால் அடி வாங்கியதுபோல நீளமான சிவப்புக் கோடுகள். அவற்றின்மேல் கண்ணாடி நூல்போல ஏதோ ஒட்டியிருந்தது. ஜெல்லிமீன்.

உடனே உறவினர் மகாசபை கூடியது. மணலைப் போட்டுத் தேய்க்கச் சொன்னது ஒரு தரப்பு. குடிதண்ணீரால் கழுவச் சொன்னது இன்னொன்று. குமுதாவின் அண்ணன் பிச்சைமுத்துவுக்குக் கோயில் கமிட்டியில் சேவை செய்ய இடமே கிடைத்ததில்லை; இங்கே முன்வந்தார்.

"மாப்ள, மூத்திரம்தான் மருந்து! நான் ரெடி!"

"ஹோல்ட்!"

பக்கத்தில் பாய் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடக் கோழிக்காலைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"யாரும் தேய்க்காதீங்க, தண்ணி ஊத்தாதீங்க. அண்ணே, ஜிப்ப மூடிட்டு ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க."

வினிகரைக் கோடுகள்மேல் ஊற்றியபடி முப்பது விநாடி எண்ணினார். பிறகு புருவம் திருத்தும் இடுக்கியால் நூல்களை ஒவ்வொன்றாக எடுத்தார்.

"வலி போகலயே!"

"போகாது. மிச்ச விஷம் ஏறாம இருக்கத்தான் இது. மூச்சு எப்படி?"

"நெஞ்சு... இறுக்குது."

குமுதாவின் முகம் வெளிறியது. பினாங்குக் கடலில் மூச்சையே நிறுத்தும் ஜெல்லிமீன் வகையும் உண்டு என்பது அவருக்குத் தெரியும். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் கண் அந்த மார்பை விட்டு நகரவில்லை.

மருத்துவமனையில் ஆறு மணி நேரம் கண்காணிப்பு. நாடி, மூச்சு, இதயம் எல்லாம் சீர் என்றார் டாக்டர். தேய்க்காமல் விட்டது நல்லதாம்.

யுகேந்திரன் கண்ணைத் திறந்தார். "மதியம் சாப்பிடக் கொண்டுவந்த மீஹூன் மிச்சம் இருக்கா?"

குமுதா அவர் மார்பு ஏறி இறங்குவதை இன்னொரு முறை பார்த்தார்.

"பாஸ்," என்றார். அதற்கப்புறம்தான் அழுதார்.

இப்போது கடற்கரைக்குக் கிளம்பினால் போத்தலை யுகேந்திரனே மடியில் வைத்துக்கொண்டு காரில் வருகிறார். தன் மருந்தாக இருந்தால் ஆம்புலன்ஸே தேவைப்பட்டிருக்காது என்று பிச்சைமுத்து இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.