நானாவின் வாயும் நாலு சாசேஜும்

எங்கள் வட்டாரச் சபை வெளியிட்ட மலரில் யாவ் பாம்ஃபோவைப் பற்றி இப்படி அச்சாகியிருக்கிறது: "தலைவரின் வாய். அவர் உதிர்க்கும் ஒரு சொல்லைப் பத்தாக்கி, தேன் தடவிச் சபைமுன் வைக்கும் நாவலர்."

பாம்ஃபோ மர லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். தாய்மாமன் இறந்ததும் தலைவரின் வாய்க்குரிய கைத்தடி இவர் கைக்கு வந்தது, பேச்சு வரவில்லை. தலைவர் நானா ஆம்பெம் பத்துச் சொல் சொன்னால் இவர் இரண்டாக்கித் தருவார். மூப்பர்கள் முணுமுணுத்தார்கள். நானாவுக்கு வசதிதான், கூட்டம் சீக்கிரம் முடிந்துவிடும்.

எல்லைத் தகராறு விசாரணைக்குக் குமாசி நகருக்குப் போனபோது, நகர நடுவில் வெள்ளைக்காரன் காலத்து ஹோட்டலில் இருவரும் தங்கினார்கள். அது நானாவின் ஆசை. தலைவராவதற்கு முன், இன்சூரன்ஸ் குமாஸ்தாவாக ஒரு பயிற்சிக்கு வந்து, அங்கே காலையில் தின்ற சாசேஜை அவர் மறக்கவில்லை. அன்று எல்லார் எதிரிலும் தின்னலாம், தங்கத்தான் வசதியில்லை. இன்று தங்கலாம், ஆனால் மரபுப்படி தலைவர் சாப்பிடுவதை நாலு பேர் பார்க்கக் கூடாது.

லிஃப்ட் பழுது என்று அறைக்குச் சாப்பாடு அனுப்புவதை நிறுத்தியிருந்தார்கள். நானாவோ சாசேஜை நம்பி முந்தைய இரவே பட்டினி. பசித்தால் அவருக்குக் கோபம் வரும். விசாரணையில் அவரே வாய் திறந்து பேசியாக வேண்டும். நடுவில் நின்று சுருக்க பாம்ஃபோவுக்கு அனுமதியில்லை. கோபத்தில் ஒரு வார்த்தை தவறினால் ஆற்றங்கரை நிலம் போய்விடும்.

பாம்ஃபோ கீழே சாப்பாட்டுக் கூடத்துக்கு இறங்கிப்போய், மாடிக்கு எடுத்துப்போகச் சாசேஜ் கேட்டார். பரிமாறும் பெண் செர்வா மறுத்தாள்.

"உக்காந்து எவ்வளவு வேணா சாப்பிடுங்க மாமா. வெளிய கொண்டுபோக விடமாட்டாங்க. உங்க ஆளையே வரச் சொல்லுங்களேன், கால் இல்லையா அவருக்கு?"

"கால் இருக்கு. வாய்தான் நான்."

"அப்ப நீங்களே சாப்பிடுங்க. வாய்க்குத்தானே போகணும்?"

பாம்ஃபோ உட்கார்ந்தார். கைத்தடியை மேஜையில் சாய்த்தார். அதன் உச்சியில் பொன்முலாம் பூசிய இரண்டு மனிதர்கள். ஒருவன் சாப்பிடுகிறான், மற்றவன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அன்று விசாரணையில் நானா பதமாகப் பேசினார். எல்லை இருந்த இடத்திலேயே நின்றது. மலரின் அடுத்த பதிப்பில், பாம்ஃபோவின் நாவன்மையால் நிலம் மீண்டதாகச் சேர்த்துவிட்டார்கள்.

பாம்ஃபோ செய்தது இதுதான்: செர்வா தேநீர் எடுக்கத் திரும்பிய நேரத்தில், தட்டிலிருந்த நாலு சாசேஜையும் தாய்மாமன் விட்டுப்போன, தோளில் போர்த்தியிருந்த கெண்டே நெசவுப் போர்வையின் மடிப்பில் சுருட்டிக்கொண்டு, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் மாடி ஏறிப்போனார்.